லாக் எழுதியே தேங்கி நிற்கும் டேட்டாபேஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி பக்கம் கடை பில்லிங், விடுதி முன்பதிவு, ரத்தப் பரிசோதனை நிலையம் மாதிரியான இடங்களில் சிறிய சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். பெரிய நிறுவனங்களில் இந்த வேலைக்கென்றே ஆள் இருப்பார். இங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் மேசைக்கடியில் ஒரு சர்வர், அதைத் தொடத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவரும் பாதி நாள் வெளியூரில். "சிஸ்டம் இழுக்குது சார்" என்று போன் வந்தால் ரேம் கூட்டலாமா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதற்கு முன்னால், டேட்டாபேஸ் என்னென்ன லாக், அதாவது நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவு, எழுதிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். காசு செலவில்லாத வேலை, பல நேரம் அதிலேயே விஷயம் முடிந்துவிடும்.

அமைப்புகளின் (செட்டிங்குகளின்) பெயர்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். சர்வரில் தட்டும்போது வார்த்தைகளுக்கு நடுவே அடிக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 'செட் குளோபல்', 'ஃபிளஷ் லாக்ஸ்' மாதிரியான கட்டளைகளில் மட்டும் இடைவெளியே இருக்கட்டும்.

லாக்தான் காரணம் என்று எதை வைத்துச் சந்தேகப்படுவது?

கூட்டம் கூடவில்லை, புதிதாக எந்த வசதியும் சேர்க்கவில்லை, ஆனாலும் மெதுவாகிவிட்டது என்றால் சந்தேகப்படலாம். ஏதோ ஒரு ரிப்போர்ட் மட்டும் இழுத்தால் அது பெரும்பாலும் இன்டெக்ஸ் (டேபிளில் சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) சமாச்சாரம். ஒரே ஒரு வரியைச் சேமிக்கிற சின்ன வேலைகூட இழுக்கிறது, எல்லாத் திரையும் கொஞ்சம் கொஞ்சம் தாமதம் என்றால் டிஸ்க் பக்கம் திரும்புங்கள்.

லினக்ஸ் சர்வரில் 'டாப்' கட்டளையைத் தட்டினால் மேலே சிபியு வரியில் 'டபிள்யூஏ' என்று ஓர் எண் இருக்கும். சிபியு சும்மா இருந்து அந்த எண் மட்டும் ஏறி நின்றால், சர்வர் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. 'ஐஓடாப்' கட்டளை எந்த புரோகிராம் எழுதுகிறது என்று காட்டிக்கொடுக்கும். அப்புறம் டேட்டாபேஸ் ஃபோல்டரில் கோப்புகளை அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். மூன்று வருட விற்பனை இருக்கும் டேபிளைவிட ஒரு லாக் கோப்பு பெரிதாக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

உறுதி செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. நெரிசலான நேரத்தில் அந்த லாக்கை ஐந்து நிமிடம் நிறுத்தி, ஒரே மாதிரி பில்லைச் சேமித்து நேரம் பாருங்கள். மறுபடி போட்டுப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் லாக்கை விட்டுவிட்டு வேறு காரணம் தேடலாம்.

வெறும் எழுத்துதானே? அது எப்படி இவ்வளவு இழுக்கும்?

மூன்று வழியில் இழுக்கும். முதலாவது, அளவு. கடையில் நடந்த விற்பனையை மட்டும் நோட்டில் எழுதுவது ஒன்று. உள்ளே வந்தவர், விலை கேட்டவர், வாங்காமல் போனவர் எல்லோரையும் அதே நோட்டில் எழுதுவது வேறு. டேட்டாபேஸுக்கு வரும் ஒவ்வொரு குவெரியையும் (மென்பொருள் அனுப்பும் ஒவ்வொரு கேள்வியையும் கட்டளையையும்) பதிவு செய்யச் சொன்னால் இரண்டாவதுதான் நடக்கும்.

அடுத்தது வரிசை. லாக் ஒரே கோப்பு, எழுத வருகிற இணைப்புகளோ பல. ஒருவர் எழுதி முடிக்கும்வரை அடுத்தவர் நிற்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். சில லாக்குகள் 'டிஸ்க்கில் உண்மையாகவே பதிந்துவிட்டது' என்ற உறுதி கிடைத்த பிறகே அடுத்த வேலைக்குப் போகும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்தால் ஒரு செகண்டில் 120 பதிவு வரைதான் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எஸ்எஸ்டி இதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் மேசைக்கடியில் இருக்கும் பல பெட்டிகளில் இன்னும் ஓடுவது சுற்றுகிற டிஸ்க்தான்.

எல்லா லாக்கும் ஒன்றா? எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

ஒன்றல்ல. இதில் குழம்பித்தான் டேட்டாவையே இழக்கிறார்கள், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மனிதர் படிப்பதற்காக எழுதப்படுவது ஒரு வகை. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஜெனரல் லாக் (வரும் எல்லாக் குவெரியும்), ஸ்லோ குவெரி லாக் (மெதுவானவை மட்டும்), எரர் லாக் (பிழைகள்). போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் சர்வர் லாக். இவற்றை நிறுத்தினாலும் குறைத்தாலும் பழைய கோப்பை நீக்கினாலும் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு கோளாறைத் தேடும்போது தடயம் இருக்காது, அவ்வளவுதான்.

டேட்டாபேஸ் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுவது இன்னொரு வகை. மைஎஸ்க்யூஎல்லில் ரீடூ லாக், போஸ்ட்கிரெஸில் 'வால்' (டபிள்யூஏஎல் என்ற ஆங்கிலச் சுருக்கம்), மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் எல்டிஎஃப் கோப்பு. திடீரென்று கரண்ட் போய்த் திரும்ப வந்தால், பாதியில் நின்ற வேலையை இவற்றைப் படித்துத்தான் டேட்டாபேஸ் சரிசெய்கிறது. "லாக்தானே, இடம் அடைக்குது" என்று இதை டெலிட் செய்தால் டேட்டாபேஸ் எழுந்திருக்கவே செய்யாமல் போகலாம். போஸ்ட்கிரெஸில் இந்த ஃபோல்டரின் பெயர் முன்பு 'பிஜி எக்ஸ்லாக்'. பெயரில் 'லாக்' இருப்பதைப் பார்த்து ஆட்கள் அதைக் காலி செய்துகொண்டே இருந்ததால், 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் 'பிஜி வால்' என்று மாற்றினார்கள். பதிப்பு பழையதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லின் பைனரி லாக் (டேட்டாவில் நடந்த மாற்றங்களின் பதிவு) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்குத் தனிக் கேள்வி கீழே.

மைஎஸ்க்யூஎல் ஜெனரல் லாக்கை யாரும் போடவில்லையே, எப்படி ஓடுகிறது?

யாரோ போட்டிருப்பார்கள். அது இயல்பாகவே ஆஃபில்தான் வரும். தானாக ஓடாது.

பண்ருட்டியில் ஒரு முந்திரி மொத்த வியாபாரி. ஜிஎஸ்டி பில்லில் ஏதோ பைசா வித்தியாசம் வந்ததைக் கண்டுபிடிக்க, மென்பொருள் கொடுத்த இடத்திலிருந்து ஒருவர் தொலைவிலிருந்தே நுழைந்து ஜெனரல் லாக்கைப் போட்டார். பைசா கணக்கு சரியாகிவிட்டது. லாக்கை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. சீசன் வந்தபோது பில் சேமிக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்கிற நிலை.

அந்தக் கோப்பைத் திறந்து கடைசி சில வரிகளைப் பார்த்தால் கதை புரிந்துவிடும். விற்பனைத் திரையில் சரக்குப் பெயர் தேடும் பெட்டியில் 'டபிள்யூ 320' என்று முந்திரி ரகத்தைத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குவெரி போகிறது. முதலில் டபிள்யூ, அப்புறம் இடைவெளி, அப்புறம் 3, 32, 320. பின்வாங்கித் திருத்தினால் அதற்கும். இதற்கு நடுநடுவே இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று மென்பொருள் கேட்டுக்கொண்டே இருக்கும் 'செலக்ட் 1' வரிகள். உண்மையான விற்பனை எங்கோ ஒரு வரி. அதை எழுதத்தான் டிஸ்க்குக்கு நேரமில்லை.

நிறுத்துவதற்கு சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். 'ஷோ வேரியபிள்ஸ்' கட்டளையில் ஜெனரல் லாக்கின் நிலையைப் பாருங்கள். 'செட் குளோபல்' போட்டு அதை ஆஃப் செய்தால் அந்த நிமிடமே நின்றுவிடும். ஆனால் இது ரீஸ்டார்ட் வரைதான் நிற்கும். 'மை டாட் சிஎன்எஃப்' என்ற அமைப்புக் கோப்பில் ஆன் என்று எழுதியிருந்தால் அடுத்த கரண்ட் கட்டுக்குப் பிறகு மறுபடி முளைக்கும். 8ஆம் பதிப்பில் 'செட் பெர்சிஸ்ட்' போட்டு யாராவது ஆன் செய்திருந்தால் அது வேறொரு கோப்பில் உட்கார்ந்திருக்கும். இரண்டு இடத்தையும் பார்த்துவிடுங்கள்.

'லாக் அவுட்புட்' என்ற அமைப்பு டேபிள் என்று இருந்தால், குவெரிகள் கோப்புக்குப் பதிலாக 'மைஎஸ்க்யூஎல்' டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு டேபிளில் சேர்ந்துகொண்டிருக்கும். அதை 'டிரங்கேட்' கட்டளையால் மொத்தமாகக் காலி செய்யலாம். 'டெலிட்' கட்டளை அங்கே வேலை செய்யாது.

லாக் கோப்பை டெலிட் செய்துவிட்டேன். இடம் மட்டும் திரும்ப வரவில்லையே?

மைஎஸ்க்யூஎல் இன்னும் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. பெயர்தான் போயிருக்கிறது. எழுத்து அதே இடத்தில் தொடர்கிறது. திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையில் 'டெலீட்டட்' என்று தேடினால் ஆள் அகப்படுவான். 'ஃபிளஷ் லாக்ஸ்' போடுங்கள், பழைய கோப்பை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கும், இடமும் வந்துவிடும். அடுத்த முறை டெலிட் செய்யாமல் முதலில் பெயரை மாற்றுங்கள், பிறகு ஃபிளஷ், பிறகு நீக்கம். இதையே தானாகச் செய்ய லினக்ஸில் 'லாக்ரொட்டேட்' இருக்கிறது.

ஸ்லோ குவெரி லாக் நல்லது என்கிறார்கள். அதுவும் இழுக்குமா?

சரியாக வைத்தால் இழுக்காது. எந்தச் சர்வரிலும் அதை வைத்திருக்கவே சொல்வேன். இயல்பான எல்லை 10 செகண்ட். பில்லிங் கடைக்கு அது ரொம்பத் தாராளம், 1 அல்லது 2 செகண்ட் வைக்கலாம். தவறு எங்கே நடக்கிறது என்றால், 'எல்லாம் தெரியட்டும்' என்று எல்லையை 0 என்று வைப்பார்கள். அது ஜெனரல் லாக்குக்கு இன்னொரு பெயர்.

இதைவிட நயமான தொல்லை ஒன்று உண்டு. இன்டெக்ஸ் பயன்படுத்தாத குவெரிகளையும் பதிவு செய் என்று ஓர் அமைப்பு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஜிஎஸ்டி விகிதங்கள் இருக்கும் டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே கைவிரல் எண்ணிக்கை வரிகள். அவ்வளவு சின்ன டேபிளை முழுதாகப் படித்தாலும் நொடியில் முடிந்துவிடும், இன்டெக்ஸே தேவையில்லை. பில்லில் ஒவ்வொரு சரக்குக்கும் அந்த விகிதத்தைத் தேடும்போதெல்லாம் 'மெதுவான குவெரி' என்ற பெயரில் ஒரு பதிவு விழும். உண்மையிலேயே மெதுவானது அந்தக் குப்பையில் புதைந்துவிடும். இந்த அமைப்பு வேண்டுமென்றால், குறைந்தபட்சம் இத்தனை வரி படித்திருந்தால் மட்டும் எழுது என்கிற 'மின் எக்ஸாமின்ட் ரோ லிமிட்' அமைப்பையும் சேர்த்துப் போடுங்கள்.

எல்லையை 'செட் குளோபல்' போட்டு மாற்றினால் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளுக்கு அது போய்ச் சேராது. காலையில் திறந்த இணைப்பையே நாள் முழுக்க வைத்திருக்கும் மென்பொருளாக இருந்தால், மாற்றியும் ஒன்றும் மாறாத மாதிரி தெரியும். பதற வேண்டாம், மென்பொருளை ஒருமுறை மூடித் திறந்தால் போதும்.

போஸ்ட்கிரெஸில் எதைப் பார்க்க வேண்டும்?

'லாக் ஸ்டேட்மென்ட்' என்பது 'ஆல்' என்று இருக்கிறதா. 'லாக் மின் டியூரேஷன் ஸ்டேட்மென்ட்' என்பது 0 என்று இருக்கிறதா. இந்த இரண்டும்தான் வழக்கமான ஆசாமிகள். இயல்பில் முதலாவது 'நன்', இரண்டாவது மைனஸ் 1, அதாவது இரண்டும் அணைந்திருக்கும். கோப்பில் மாற்றியபின் 'பிஜி ரீலோட் கான்ஃப்' கூப்பிட்டால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். மாற்றியும் லாக் நிற்கவில்லையென்றால், யாரோ ஒரு குறிப்பிட்ட டேட்டாபேஸுக்கோ பயனருக்கோ தனியாக அமைத்திருப்பார்கள். அது கோப்பில் எழுதியதை மீறிவிடும். போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான 'பிஎஸ்க்யூஎல்' உள்ளே பின்சாய்வுக் கோட்டுடன் 'டிஆர்டிஎஸ்' தட்டினால் அந்தப் பட்டியல் வரும்.

சர்வர் லாக்கைச் சேர்த்துக் கோப்பில் எழுதும் போஸ்ட்கிரெஸின் 'லாக்கிங் கலெக்டர்' ஒரு வரியைக்கூடத் தவறவிடக் கூடாது என்று கட்டப்பட்டது. எழுத்து வேகம் பின்தங்கினால், செய்தி அனுப்ப வந்த குவெரியே நின்று காத்திருக்கும். லினக்ஸின் பொது லாக் வசதியான சிஸ்லாக் இதற்கு நேர்மாறு; சமாளிக்க முடியாவிட்டால் செய்தியை விட்டுவிடும். ஆக, கலெக்டர் ஓடும் சர்வரில் 'எல்லாவற்றையும் எழுது' என்று சொல்வது நேராகப் பயனரின் திரையில் தாமதமாகத் தெரியும்.

எந்தக் குவெரி எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் தின்றது என்று தெரிந்தால் போதும் என்றால் 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' என்ற நீட்சியைப் போடுங்கள். அது நினைவகத்தில் கூட்டிக்கொண்டே வரும், ஒவ்வொன்றையும் கோப்பில் எழுதாது. மாதிரிக்குச் சில குவெரிகள் முழுதாக வேண்டுமென்றால் 13ஆம் பதிப்பிலிருந்து 'லாக் ஸ்டேட்மென்ட் சாம்பிள் ரேட்' இருக்கிறது. நூற்றில் ஒன்றை மட்டும் எழுது என்று சொல்லலாம். குவெரி ஓடும் விதத்தை லாக்கில் எழுதும் 'ஆட்டோ எக்ஸ்பிளெய்ன்' போட்டு அதில் 'அனலைஸ்' வசதியையும் திறந்துவிட்டால், எழுதப்படாத குவெரிகளைக்கூட அளந்துகொண்டிருக்கும். அதைக் கடையின் ஓடுகிற சர்வரில் நிரந்தரமாக வைக்காதீர்கள்.

கமிட் அமைப்பை 1லிருந்து 2ஆக மாற்றினால் பறக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

மைஎஸ்க்யூஎல்லின் 'இன்னோடிபி ஃபிளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்' பற்றிய கேள்வி இது. கமிட் என்றால் ஒரு வேலையை முடித்து நிரந்தரமாகச் சேமிப்பது. 1 என்றால் ஒவ்வொரு கமிட்டுக்கும் ரீடூ லாக் டிஸ்க்கில் உறுதியாகப் பதியும். 2 என்றால் இயங்குதளத்திடம் கொடுத்துவிட்டு, செகண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பதியும். மைஎஸ்க்யூஎல் மட்டும் விழுந்தால் ஒன்றும் போகாது. கரண்ட் போய்ப் பெட்டியே அணைந்தால் கடைசி ஒரு செகண்ட் அளவுக்கான பதிவுகள் காணாமல் போகலாம்.

கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்காமல் முடிவு செய்ய முடியாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. புயல் இல்லாத நாளிலும் நவம்பர், டிசம்பரில் கரண்ட் போய்ப் போய் வரும். உப்புக்காற்றில் யுபிஎஸ் பேட்டரி முனைகள் பூத்துப்போய், 'அரை மணி தாங்கும்' என்று விற்ற பெட்டி அரை நிமிடத்தில் கீச்சென்று அணைகிற கடைகள் துறைமுகப் பக்கம் நிறைய.

கடையின் பில்லுக்கு ஒரு செகண்ட் போனால் கையில் அச்சிட்ட பில் இருக்கும், திரும்ப ஏற்றிவிடலாம், 2 வைத்தாலும் பரவாயில்லை. பணப் பரிமாற்றம், ரத்தப் பரிசோதனை முடிவு என்றால் 1ஐத் தொடாதீர்கள். வேகம் வேண்டுமானால் எஸ்எஸ்டி வாங்குங்கள், யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸில் 'சிங்க்ரனஸ் கமிட்' ஆஃப் என்பதும் இதே மாதிரிப் பேரம்தான். கடைசிச் சில பதிவுகள் போகலாம், டேட்டாபேஸ் சிதையாது. டிஸ்க்கில் பதிந்ததா என்று உறுதி செய்வதையே நிறுத்துகிற 'எஃப்சிங்க்' ஆஃப் என்பது பேரமே அல்ல. கரண்ட் போனால் மொத்த டேட்டாபேஸும் போகலாம். யாராவது யூடியூப் பார்த்து அதைப் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

பைனரி லாக் ஃபோல்டர் வீங்கிக்கொண்டே போகிறது. வேண்டுமா அது?

8ஆம் பதிப்பிலிருந்து பைனரி லாக் இயல்பாகவே ஆனில் வருகிறது, 30 நாள் வைத்திருக்கிறது. ஐந்திலிருந்து எட்டுக்கு மாறிய கடைகளில் 'ஒன்றுமே செய்யாமல் டிஸ்க் நிரம்புது' என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

இதன் பயன் பெரிது. நேற்று இரவு பேக்கப், இன்று பகல் மூன்று மணிக்கு யாரோ தவறாக ஒரு டேபிளை அழித்துவிட்டார் என்றால், பேக்கப்பை ஏற்றி, பைனரி லாக்கை இரண்டு ஐம்பத்தொன்பது வரை ஓட்டி மீட்கலாம். நகல் சர்வர் இருந்தால் அதுவும் இதை நம்பித்தான் ஓடுகிறது. தினமும் பேக்கப் ஒழுங்காக எடுக்கிற இடத்தில் 7 நாள் வைத்தால் போதும்; 'பின்லாக் எக்ஸ்பயர் லாக்ஸ் செகண்ட்ஸ்' அமைப்பில் நாளைச் செகண்டாக மாற்றிக் கொடுங்கள். உடனே இடம் வேண்டுமென்றால் 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளை. கையால் கோப்பை அழிக்காதீர்கள், பட்டியலும் கோப்பும் ஒத்துப்போகாமல் போய்விடும்.

காலையில் வேகம், சாயங்காலம் ஆமை. கிளவுடில்தானே வைத்திருக்கிறோம்?

புதுச்சேரி விடுதிக்காரர்களிடமிருந்து வருகிற கேள்வி இது. அமேசானில் பழைய ஜிபி2 வகை டிஸ்க்குக்கு ஒரு ஜிபிக்குச் செகண்டுக்கு 3 செயல்பாடு (படிப்பதோ எழுதுவதோ) என்று கணக்கு, குறைந்தது 100. சின்ன டிஸ்க்கும் தேவைப்படும்போது 3000 வரை பாயும், ஆனால் அது சும்மா இருக்கும்போது சேர்ந்த சேமிப்பிலிருந்து எடுக்கும் பாய்ச்சல். சேமிப்பு தீர்ந்தால் 100க்கு இறங்கிவிடும்.

இனி விடுதி மென்பொருள் செய்கிறதைப் பாருங்கள். வரவேற்பறைத் திரையில் அறைகளின் காலண்டர் சில செகண்டுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு புதுப்பிப்பையும் 'யார் எந்தப் பக்கம் பார்த்தார்' என்று ஒரு டேபிளில் தனித்தனி கமிட்டாக எழுதும். ஒவ்வொரு கமிட்டுக்கும் ரீடூ லாக் ஒருமுறை, பைனரி லாக் ஒருமுறை டிஸ்க்கில் பதிய வேண்டும். திரையைப் பார்க்க ஆளே இல்லாத நேரத்திலும் இது நடக்கிறது. இந்த எழுத்து செகண்டுக்கு 100ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால், திங்கள் முதல் சேமிப்பைச் சொட்டச் சொட்டத் தின்றுவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னை, பெங்களூர் ஆட்கள் அறை கேட்டு மொய்க்கும்போது டிஸ்க் 100இல் நிற்கும். அமேசானின் கண்காணிப்புப் பக்கத்தில் 'பர்ஸ்ட் பேலன்ஸ்' கோடு வாரம் முழுக்கச் சரிந்து வருவதைப் பார்த்தால் இதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஜிபி3க்கு மாறினால் அளவு எதுவானாலும் 3000 அடிப்படையாகவே கிடைக்கும். அந்தப் பக்கப் பார்வை லாக்கை எடுத்தால் அதற்கும் அவசியம் இருக்காது. இரண்டாவதை முதலில் செய்யச் சொல்வேன்.

யார் எப்போது எதை மாற்றினார் என்கிற டேபிள் கோடி வரி தாண்டிவிட்டது. காலி செய்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். கம்பெனி சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனமாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் திருத்தங்களின் தடம் கட்டாயம். அதை நிறுத்தி வைக்கும் வசதியே இருக்கக் கூடாது. தனி உரிமையாளர் நடத்தும் கடைக்கு இந்த விதி இல்லை. எது எப்படியிருந்தாலும் ஆடிட்டரிடம் கேட்காமல் அந்த டேபிளில் கை வைக்காதீர்கள். வேகத்துக்காகச் சட்டச் சிக்கலை வாங்க வேண்டாம்.

வைத்துக்கொண்டே வேகப்படுத்த முடியும். மாறாத பத்தியையும் சேர்த்து முழு வரியை இருமுறை எழுதுகிற டிரிக்கர்கள் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் நிரல்கள்) நிறையப் பார்க்கலாம். மாறியதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அந்த டேபிளில் ஐந்தாறு இன்டெக்ஸ் இருந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் அவை எல்லாம் திருத்தப்பட வேண்டும். தேதிக்கு ஒன்று, பில் எண்ணுக்கு ஒன்று போதும். மாத வாரியாகப் பார்ட்டிஷன் பிரித்துவிட்டால், பழைய மாதத்தை வேறு டிஸ்க்குக்கு எடுத்துக்கொண்டு அந்தப் பார்ட்டிஷனையே கழற்றிவிடலாம், நொடியில் முடியும். 'டெலிட்' போட்டு லட்சக்கணக்கில் அழிக்க ஆரம்பித்தால் அந்த அழிப்பே ரீடூ லாக்கிலும் பைனரி லாக்கிலும் எழுதப்பட்டு அன்றைய வியாபாரத்தை நிறுத்திவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரில் எல்டிஎஃப் என்ற லாக் கோப்பு, எம்டிஎஃப் என்ற டேட்டா கோப்பைவிடப் பெரிதாகிவிட்டது. தினமும் ஷ்ரிங்க் செய்கிறோம்.

ஷ்ரிங்க்கை நிறுத்துங்கள். ரெக்கவரி மாடல் 'ஃபுல்' என்று வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் இருப்பதுதான் காரணமாக இருக்கும். முழு பேக்கப் மட்டும் எடுத்தால் லாக் காலியாகாது. சிஸ் டேட்டாபேசஸ் பட்டியலில் 'லாக் ரீயூஸ் வெயிட் டெஸ்க்' பத்தியில் 'லாக் பேக்கப்' என்று நின்றால் அதேதான். ஒன்று, மணிக்கு ஒருமுறை லாக் பேக்கப் வையுங்கள். இல்லையென்றால், தினசரி பேக்கப்பே போதும் என்கிற கடையாக இருந்தால் 'சிம்பிள்' மாடலுக்கு மாற்றுங்கள். தினமும் சுருக்கினால் மறுநாள் அது மறுபடி வளர வேண்டும். வளரும்போது புது இடத்தைச் சுழியம் எழுதி நிரப்பும். அந்த நேரத்தில் பில் திரை உறையும்.

மென்பொருள் பக்கமே லாக் எழுதுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பிழை தேடுவதற்கான டீபக் நிலையில் விட்டுப் போயிருக்கிறார்களா என்று கேளுங்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் கருவிகளில், ஜாங்கோவில் டீபக் ஆனில் இருந்தால் ஓடிய குவெரிகளை நினைவகத்தில் சேர்த்துவைக்கும். ஹைபர்நேட்டில் 'ஷோ எஸ்க்யூஎல்' ஆன் என்றால் எல்லாக் குவெரியும் திரையில் கொட்டும். டேட்டாபேஸ் டிரான்சாக்ஷனை (ஒன்றாக முடிய வேண்டிய வேலைத் தொகுப்பை) திறந்து வைத்துக்கொண்டு, நடுவில் நெட்வொர்க் டிரைவில் லாக் எழுதப் போகிற நிரல்தான் இவற்றில் மோசம். அந்த டிரைவ் இரண்டு செகண்ட் தாமதித்தால், பூட்டிய வரிக்காக மற்ற கவுண்டர்களும் இரண்டு செகண்ட் நிற்கும்.

லாக்கில் நோயாளி பெயரெல்லாம் தெரிகிறதே?

தெரியும். குவெரியில் இருப்பது எல்லாம் லாக்கிலும் இருக்கும். பயனரை உருவாக்கும் கட்டளைகளில் இருக்கும் பாஸ்வேர்டை மைஎஸ்க்யூஎல் மறைத்து எழுதும். உங்கள் மென்பொருளின் சொந்த டேபிளுக்குள் போகும் பெயர், போன் எண், பரிசோதனை முடிவை மறைக்காது. பரிசோதனை நிலையங்களில் ஜெனரல் லாக்கை நிறுத்த வேகத்தைவிடப் பெரிய காரணம் இது. பழைய லாக் கோப்பை மென்பொருள்காரருக்கு மெயிலில் அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

சரி, எல்லா லாக்கையும் அணைத்துவிட்டால் நிம்மதிதானே?

எரர் லாக்கை அணைக்கவே கூடாது. டிஸ்க் சாகப் போகிறது என்பதற்கான தடயம் பல நேரம் அதில் தெரியும். ஸ்லோ லாக் அளவோடு ஓடட்டும். ஜெனரல் லாக் மாதிரியானவற்றைத் தேவைப்படும்போது போடுங்கள். போட்டவர், நாள், எதற்காக, எப்போது அணைக்க வேண்டும் என்று சர்வர் மேலேயே ஒரு காகிதம் ஒட்டுங்கள். உதவிக்கு வருகிறவர் தொலைவிலிருந்து போட்டாலும் இந்தக் காகிதத்தை உங்கள் பக்கத்து ஆள்தான் ஒட்ட வேண்டும்.

டிஸ்க் முழுக்க நிரம்பி எல்லாம் நின்றுவிட்டது. முதலில் என்ன செய்வது?

ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். டிஸ்க் நிரம்பினால் மைஎஸ்க்யூஎல் பெரும்பாலும் சாகாமல் நிமிடத்துக்கு ஒருமுறை இடம் வந்ததா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கும். வெளியே பார்த்தால் உறைந்த மாதிரி இருக்கும். ஜெனரல் லாக்கை ஆஃப் செய்து, அந்தக் கோப்பை நீக்கி, 'டிஎஃப்' கட்டளையில் இடம் வந்ததைப் பார்த்தால் தானாகவே தொடரும். பைனரி லாக் எழுத இடமில்லாமல் போனால் மட்டும் சர்வரே தன்னை நிறுத்திக்கொள்ளக்கூடும். அப்போது பழைய ஜிப் கோப்புகள், டவுன்லோடு ஃபோல்டர், தேவையற்ற பேக்கப் என்று டேட்டாபேஸுக்குச் சம்பந்தமில்லாததை அகற்றி இடம் உண்டாக்கிவிட்டுக் கிளப்புங்கள்.

போஸ்ட்கிரெஸில் 'பிஜி வால்' நிரம்பினால் சர்வர் பேனிக் என்று சொல்லி விழும். அந்த ஃபோல்டரில் ஒரு கோப்பைக்கூட நீக்காதீர்கள். வேறு இடத்திலிருந்து சில ஜிபி விடுவித்து ஏற்றுங்கள். ஏறியதும் 'பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ்' பட்டியலைப் பாருங்கள். எப்போதோ நிறுத்திய நகல் சர்வருக்காக ஒரு ஸ்லாட் இன்னும் வால் கோப்புகளைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நகல் இனி வராது என்று உறுதியானால் ஸ்லாட்டை டிராப் செய்யுங்கள். ஸ்லாட் எதுவும் இல்லையென்றால், வால் கோப்புகளை வெளியே நகலெடுக்கும் 'ஆர்க்கைவ் கமாண்ட்' தோற்றுக்கொண்டிருக்கிறதா என்று சர்வர் லாக்கில் தேடுங்கள். பேக்கப் வைக்கும் வெளி டிரைவை யாரோ வயரோடு பிடுங்கி வைத்திருப்பார்கள், பெரும்பாலும் சாமி படத்துக்கு சீரியல் செட் சொருகுவதற்காக.